ஸ்டார் லேபிளை நம்பலாமா? வைண்டிங் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

கடைக்கு ஒரு ஃபேன் வந்தால், கழற்றுவதற்கு முன்னால் அதைப் பவர் மீட்டரில் சொருகிப் பார்ப்பேன். ஓடுகிற நிலையில் இருந்தால் எத்தனை வாட் இழுக்கிறது என்று நோட்டில் எழுதிவிடுவேன். காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்தபிறகு மறுபடி ஒருமுறை. 2019-ல் ஆரம்பித்த பழக்கம், இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. முதல் நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 75, 78, 80 என்றே இருக்கும். ஐந்தாவது நோட்டில் 50, 52 அடிக்கடி வருகிறது. நடுநடுவே 28, 30 கூட. நம் நாட்டின் மின்சிக்கனக் கொள்கை வேலை செய்கிறதா என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த நோட்டுகளைத்தான் எடுத்து நீட்டுவேன்.

நான் கோவைக்காரி. ஒரு பம்ப் கம்பெனியின் வைண்டிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் ஸ்டேட்டருக்கு, அதாவது மோட்டாரில் சுழலாமல் நிற்கிற பாகத்துக்கு, கம்பி ஏற்றியவள். அதன்பிறகு வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து ஊருக்குள் கணபதிப் பகுதியில் சொந்தமாகக் கடை போட்டோம். ஃபேன், மிக்சி, கிரைண்டர், வீட்டு மோனோபிளாக் பம்ப், தோட்டத்தில் போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் பம்ப் என எல்லாம் வரும். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏங்க்கா, அஞ்சு ஸ்டார்னு ஒட்டியிருக்காங்களே, அது நிஜமா, சும்மாவா?" நின்று நின்று பதில் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு பொருளை வாங்கிப் பத்து வருஷம் புழங்கிவிட்டு நல்லது கெட்டது சொல்வோமே, அப்படித்தான் இந்த லேபிளையும் எடைபோடுகிறேன். நம் வரிப்பணத்தில் நமக்காக நடக்கிற சேவை இது.

பின்னணி சுருக்கமாக. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2002 மார்ச்சில் டெல்லியில் எரிசக்தித் திறன் பணியகத்தை அமைத்தார்கள். பி.இ.இ. என்று லேபிளில் இருப்பது அதுதான். 2006 மே மாதம் ஸ்டார் லேபிள் தொடங்கியது. முதலில் விருப்பப்பட்ட கம்பெனி ஒட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. 2010-ல் ஏ.சி., ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், டியூப் லைட், டிரான்ஸ்ஃபார்மர் நான்குக்கும் கட்டாயமாக்கினார்கள். சீலிங் ஃபேனுக்குக் கட்டாயம் வந்தது 2023 ஜனவரி 1-ஆம் தேதி. ஃபேன் இல்லாத வீடு நம் ஊரில் எது? ஏ.சி. வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஃபேன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கப் பதிமூன்று வருஷம் ஆனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, லேபிள் உண்மை சொல்கிறதா? இரண்டு வருஷம் முன்னால், ரிட்டயர்டான ஆசிரியர் ஒருவர் ஆட்டோவில் இரண்டு ஃபேன் கொண்டுவந்து இறக்கினார். இரண்டிலும் பேரிங் சத்தம். "ஏம்மா, இது அஞ்சு ஸ்டார், 2017-ல வாங்குனது. பாத்துப் பண்ணு. அது மாப்பிள்ளை போன வருஷம் வாங்குனது, ஒரு ஸ்டார்தான். வேண்டாம்னு சொன்னேன், கேக்கல" என்றார். பேரிங் மாற்றிவிட்டு அவர் கண்முன்னாலேயே இரண்டையும் மீட்டரில் போட்டேன். ஐந்து ஸ்டார் 51 வாட். ஒரு ஸ்டார் 52 வாட். அவர் நம்பவில்லை. பிளக்கை மாற்றிச் சொருகச் சொன்னார். மாற்றினேன். அதே 51, அதே 52.

இரண்டு லேபிளும் பொய் சொல்லவில்லை. ஃபேனுக்கு ஸ்டார் கொடுக்கிற கணக்கு இதுதான்: நிமிஷத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை அது இழுக்கிற வாட்டால் வகுக்க வேண்டும். 1200 மில்லிமீட்டர் ஃபேன், அதாவது நாம் சாதாரணமாக மாட்டுகிற 48 இஞ்ச் ஃபேன், பழைய கணக்கில் 4 எடுத்தாலே ஐந்து ஸ்டார் வாங்கிவிடும். கட்டாயமாக்கியபோது அளவுகோலை உயர்த்தினார்கள். 2023 கணக்கில் அதே 4 எடுத்தால் ஒரு ஸ்டார். ஐந்து ஸ்டார் வேண்டுமென்றால் 6 எடுக்கணும். 210 கனமீட்டர் காற்றுக்கு வைத்துப் பாருங்கள்: ஒரு ஸ்டார் என்றால் 52 வாட் பக்கம், ஐந்து ஸ்டார் என்றால் 35 வாட்டுக்குள். என் முதல் நோட்டு முழுக்க வந்த அந்த 75, 78 வாட் ஃபேன் புதுக் கணக்கில் ஒரு ஸ்டார்கூடத் தேறாது. கட்டாயம் என்பதால் புதிதாகச் செய்து விற்கவும் வழியில்லை. இதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். கடைக்காரர் எதைத் தலையில் கட்டினாலும் வாடிக்கையாளர் ஓரளவு தப்பித்துக்கொள்கிறார்.

அதனால் லேபிளைப் பார்க்கும்போது ஸ்டாரை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அது எந்த வருஷத்து லேபிள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அதைத் தேடுங்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போது இது ரொம்ப முக்கியம். ஏ.சி.க்கும் இதே கதைதான். இழுக்கிற மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு குளிர் தருகிறது என்பது அங்கே கணக்கு. 2018-ல் 4.5 எடுத்த ஏ.சி. ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் ஐந்து ஸ்டாருக்கு 5 வேண்டும் என்று உயர்த்தினார்கள். 2018-ன் ஐந்து அப்போதே நாலாகிவிட்டது.

எங்கள் வீட்டில் 2021-ல் நான்கு ஃபேனையும் ஒவ்வொன்றாக பி.எல்.டி.சி.க்கு, அதாவது மேக்னட்டும் எலக்ட்ரானிக் போர்டும் வைத்து ஓடுகிற சிக்கன ஃபேனுக்கு, மாற்றினோம். ஒரே தடவையில் மொத்தமாக மாற்றக் காசு இல்லை. முதலில் அம்மா படுக்கிற அறை, ஏனென்றால் அங்கேதான் ஃபேன் நிற்பதே இல்லை. பழையது 78 வாட், புதியது 29. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்று வைத்தால், ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாசத்துக்கு, 47 யூனிட் மிச்சம். நம் மாநிலத்தில் இது சாதாரணத் தொகை இல்லை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் கணக்கு மாறிவிடும். படிக்கட்டின் விளிம்பில் நிற்கிற குடும்பத்துக்கு ஒரு ஃபேன் மாற்றுவதே ஒரு படி கீழே இறக்கிவிடும். வேகத்தைக் குறைத்து வைத்தால் என் மீட்டர் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் அம்மா ஃபேனை ஒன்றில் வைத்துத் தூங்குவார், அப்போது அது நைட் லேம்ப் அளவுக்குத்தான் இழுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பி.எல்.டி.சி. போட்டால் சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாகச் சுவிட்சில் கொடுங்கள். ரெகுலேட்டரோடு ஓட்டி போர்டு போன ஃபேன் மாசத்துக்கு ஒன்றாவது என்னிடம் வருகிறது.

எல்.இ.டி. பல்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் பல்பு கொடுத்தார்கள். அரசு நிறுவனம் ஒன்று மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதால் 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட். மானியம் இல்லாமல், மொத்தக் கொள்முதலின் பலத்திலேயே விலையை இறக்கிக் காட்டினார்கள். 2023 நவம்பரில் இதே வழியில் ஒரு கோடி ஃபேன் என்று அறிவித்தார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இருக்கிறது. தினக்கூலிக்காரர் ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய் ஃபேனை வாங்கு, ரெண்டு வருஷத்தில் காசு திரும்பிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் கையில் இன்றைக்கு இருப்பது ஆயிரத்து ஐந்நூறு.

இப்போது குறைக்கு வருகிறேன். போன கோடையில் ஒரு பெண் ஐந்து ஸ்டார் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தாள். வாங்கி நாலு வருஷம். இடி இடித்த இரவில் நின்றுபோனது. திறந்து பார்த்தேன். காயில் நன்றாக இருக்கிறது, மேக்னட் நன்றாக இருக்கிறது, பேரிங்கில் ஆட்டம் இல்லை. போர்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகல். கம்பெனியைக் கூப்பிட்டால் அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை, புது ஃபேன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். வேறு கம்பெனி போர்டு இதில் உட்காராது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு புரோகிராம். பஜாரில் கிடைக்கிற பொதுப் போர்டைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது, 41 வாட் இழுத்தது. அந்தப் பெண் வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள். பழைய 75 வாட் ஃபேன் என்றால் முப்பது வருஷம் கழித்தும் 2.5 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினால் எழுந்துவிடும். காயில் எரிந்தாலும் 36-ஆம் நம்பர் கம்பி கடையில் எப்போதும் இருக்கும்.

லேபிள் கணக்கில் அந்த ஃபேன் பத்துப் பன்னிரண்டு வருஷம் சிக்கனமாக ஓடியிருக்க வேண்டும். நாலு வருஷத்தில் பழைய இரும்புக்குப் போனால் மிச்சம் பிடித்த யூனிட்டை எங்கே போய்த் தேடுவது? ஸ்டார் கொடுக்கும்போதே, இத்தனை வருஷத்துக்குப் போர்டு கிடைக்கும் என்று கம்பெனியிடம் உறுதி வாங்கி அதையும் லேபிளில் அச்சிட வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அந்தத் துறையும் லேபிள் ஒட்டுகிற துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால் போதும், என் போன்ற ஆயிரக்கணக்கான கடைகளுக்கு வழி பிறக்கும்.

குறை எங்கள் பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லணும். ஒரு மோட்டாரின் திறன் அதிகமாகத் தொலைவது வைண்டிங் கடையில்தான். எரிந்த காயிலை எடுக்கச் சுலபமான வழி என்று ஸ்டேட்டரை அப்படியே நெருப்பில் போடுவார்கள். கம்பி பொலபொலவென்று வந்துவிடும். ஆனால் ஸ்டேட்டரில் அடுக்கியிருக்கிற ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, அது கருகிவிடும். அதன்பிறகு தகட்டுக்குத் தகடு கரன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், மோட்டார் சும்மா ஓடினாலே சுடும். இன்னொன்று, கம்பி. 22-ஆம் நம்பர் போட வேண்டிய இடத்தில் கையிருப்பில் இல்லை என்று அதைவிட மெல்லிய 23 போடுவது. சுற்று எண்ணும்போது போன் வந்தால் குத்துமதிப்பாக முடிப்பது. ஒவ்வொன்றும் சின்னது. மூன்றும் சேர்ந்தால் 78 வாட் ஃபேன் 90 வாட்டாக வாடிக்கையாளர் வீட்டுக்குத் திரும்பிப் போகும், அவருக்குத் தெரியவே தெரியாது. என் முதல் நோட்டில் அப்படி நான் அனுப்பிய ஃபேன்களும் இருக்கின்றன. அந்த எண்களைப் பார்த்தபிறகுதான் நெருப்பை விட்டேன். இப்போது ஒரு பக்கத்துக் காயிலை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து குறடு போட்டு இழுக்கிறேன். கூடுதலாக முக்கால் மணி நேரம். ஒழுங்காகக் கட்டினால் திறன் குறையாது; முன்னும் பின்னும் ஒரே வாட் வந்த பக்கங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

ஏ.சி. என் தொழில் இல்லை, அதனால் ஒரு விஷயம் மட்டும். லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்குமே, அது வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் போட்டால் 200 ராத்திரிக்குத்தான் அது வரும். மதுரையிலோ சென்னையிலோ பத்து மாசம் போடுகிறவர்கள் அந்த எண்ணோடு பாதியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் ஏ.சி. ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் வரவேண்டும் என்று விதி. அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் வரை மிச்சம் என்று பி.இ.இ. சொல்கிறது.

பம்புக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1930-களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தபிறகுதான் கோவையில் மில்லும் பம்ப்செட்டும் பெருகின. தோட்டத்து மோட்டார் இல்லாமல் இந்த ஊர் இல்லை. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. நான் விவசாயக் குடும்பத்துப் பெண், அந்த இலவசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் அப்பா தோட்டம் எப்போதோ மனைகளாகியிருக்கும். ஆனால் பில் வராத இடத்தில் லேபிளுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. பெரும்பாலான தோட்டங்களில் மீட்டரே கிடையாது. பம்புக்கும் ஸ்டார் லேபிள் உண்டு: இந்திய தர நிர்ணயம் கேட்கிற திறனைத் தொட்டால் ஒரு ஸ்டார், அதைவிட 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் ஐந்து ஸ்டார். ஆனால் அது விருப்பம் இருந்தால் ஒட்டிக்கொள்கிற லேபிள்தான். ஃபேனுக்கு வந்த கட்டாயம் பம்புக்கு வரவில்லை.

ஒரு தோட்டத்துக் கணக்கை அப்படியே தருகிறேன். அன்னூர்ப் பக்கம் என் மாமா தோட்டம். 2019-ல் போர்வெல்லில் தண்ணீர் 650 அடிக்குப் போய்விட்டதென்று 10 ஹெச்.பி. சப்மெர்சிபிள் இறக்கினார். ஐந்து ஸ்டார்தான், நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாமாவின் போரிலும் மட்டம் ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மோட்டார் ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை காயில் எரிந்து என் மேஜைக்கு வந்தது. இரண்டாவது தடவை மாமா, "கண்ணு, நீ கட்டுனதுதான் சரியில்லையோ?" என்று கேட்டுவிட்டார். அந்த வார்த்தை தைத்துவிட்டது. மறுநாளே, கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

200 லிட்டர் டிரம்மைப் பைப்புக்கு அடியில் வைத்தோம். நிறைய 80 விநாடி ஆனது. விநாடிக்கு இரண்டரை லிட்டர். மோட்டார் ஓடும்போது நூல் விட்டுப் பார்த்தால் நீர்மட்டம் 360 அடி, சுமார் 110 மீட்டர். இரண்டரை லிட்டரை 110 மீட்டர் தூக்கத் தேவையான சக்தி 2.7 கிலோவாட். மூன்று ஃபேஸ் மோட்டார் இழுத்தது 380 வோல்ட்டில் 17 ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரன்ட்டில் உண்மையாக வேலைக்கு ஆகிற பங்கு, 0.8 என்று வைத்தால் 9 கிலோவாட். நூறு பங்கு மின்சாரம் போனால் முப்பது பங்குதான் தண்ணீராக மேலே வருகிறது. லேபிளில் ஐந்து ஸ்டார். லேபிள் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. 650 அடிக்கென்று செய்த பம்பை 360 அடியில் ஓட்டுகிறோம். அந்த ஆழத்தில் அதன் இம்பெல்லர்கள், தண்ணீரைத் தள்ளுகிற சக்கரங்கள், தங்களுக்கு வகுத்த அளவில் ஓடுவதில்லை; சுமை கூடி மோட்டார் சூடாகிறது, காயில் போகிறது. மாமா கேட்ட கேள்விக்கு விடை அந்த டிரம்மில்தான் இருந்தது.

மோட்டார் ஏற்றி இறக்கும் வண்டியை வரவழைத்து, அந்த ஆழத்துக்குத் தகுந்த 7.5 ஹெச்.பி. இறக்கினோம். அதே டிரம் 70 விநாடியில் நிறைந்தது. ஆம்பியர் 12. இழுப்பது 6.3 கிலோவாட். முப்பது பங்கு நாற்பத்தொன்பது பங்கானது. சின்ன மோட்டார், அதிகத் தண்ணீர். மாமா டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது எரியாதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நம் கொள்கை வகுப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இருக்கிறது. யூனிட் மிச்சம் என்று சொன்னால் மாமாவுக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. ஆனால் காயில் எரிந்தால் வண்டிக்குக் காசு, வைண்டிங்குக்குக் காசு, நாலு நாள் தண்ணீர் இல்லாமல் வாழை துவண்டு நிற்கும். தோட்டத்துக்காரர் பயப்படுவது எரிவதற்குத்தான். திறன் குறைந்து ஓடுகிற மோட்டார்தான் பெரும்பாலும் எரிகிறது. இரண்டும் ஒரே நோய். பி.இ.இ. 2009-லேயே விவசாய மின்தேவை மேலாண்மை என்று ஒரு திட்டம் தொடங்கியது, பழைய பம்பை எடுத்துவிட்டு ஸ்டார் பம்பு கொடுப்பது அதன் வழி. நல்ல வழிதான். ஆனால் பம்பைக் கொடுப்பதற்கு முன்னால் போருக்குப் போய் ஒரு டிரம்மும் ஒரு கிளாம்ப் மீட்டரும் வைத்து அளக்கிற ஆள் வேண்டும். ஆழம் மாறிக்கொண்டே இருக்கிற நிலத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய லேபிள் தனியாக என்ன செய்யும்? கோவையில் பம்பைச் சோதிக்கத் தரமான கூடம் இருக்கிறது, சிட்டார்க். அதில் சோதித்து வெளியே போன பம்பு அன்னூரில் எப்படி ஓடுகிறது என்று திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

தொழிற்சாலைப் பக்கம் நிலைமை பரவாயில்லை. பி.ஏ.டி. என்று 2012-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எட்டுத் துறைகளில் 478 பெரிய ஆலைகளுக்கு இவ்வளவு குறைக்கணும் என்று இலக்கு. முதல் மூன்று வருஷத்தில் கேட்டதைவிட அதிகமாகவே குறைத்தார்கள். பஞ்சாலைகளும் அதில் அடக்கம். எங்களுக்கு வேலை கொடுக்கிற சின்ன மில்களும் வார்ப்படப் பட்டறைகளும் அந்த அளவுக்குள் வருவதில்லை.

மாநிலங்களையும் பி.இ.இ. வருஷாவருஷம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது, மாநில எரிசக்தித் திறன் குறியீடு என்று. கட்டடம், தொழிற்சாலை, உள்ளாட்சி, போக்குவரத்து, விவசாயம், மின்பகிர்மானம், எல்லாவற்றுக்கும் பொதுவானது என்று ஏழு தலைப்பு. 2024-ஆம் ஆண்டுக் குறியீட்டில் அவரவர் அளவுக் குழுவில் மகாராஷ்டிரா, ஆந்திரா, அசாம், திரிபுரா முதலிடம். நம் மாநிலத்தில் இதற்கெல்லாம் பொறுப்பு கிண்டியில் இருக்கிற தலைமை மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு. வரிசையில் நாம் எத்தனாவது என்பதைவிட எனக்கு வேறொன்று முக்கியம். ஏழு தலைப்பிலும் நான் தேடிய வரையில் ரீவைண்டிங் கடைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. புதுப் பொருளைப் பற்றித்தான் கேள்வி எல்லாம். ஒரு மோட்டார் செய்த அன்று ஒரு நாள் புதுசு. அதன்பிறகு பதினைந்து, இருபது வருஷம் எங்கள் கையில்தான் வந்து போகிறது.

இனி மதிப்பெண். ஃபேன் லேபிளுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். உதிரிபாக உறுதியும் சேர்ந்தால் மீதி ஒன்று. தயங்காமல் நம்பி வாங்குங்கள், லேபிளின் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள், கைக்கு எட்டாவிட்டால் இன்றைய ஒரு ஸ்டாரே போதும், அது அன்றைய ஐந்துக்குச் சமம். பல்புக்கு ஐந்து. ஏ.சி.க்கு மூன்றரை, அந்த 1600 மணி நேரத்துக்காகக் குறைத்தேன். பம்புக்கு இரண்டு. லேபிள் தப்பு என்பதால் குறைக்கவில்லை, அது கட்டாயமும் இல்லை, போர் வரைக்கும் வருவதும் இல்லை. ரீவைண்டிங்குக்கு மதிப்பெண் போட ஒரு லேபிளே கிடையாது. ஐ.டி.ஐ.யில் ஒரு வாரப் பயிற்சி, நெருப்பில் போடாதே என்று ஒரு விதி, கடைக்கு ஒரு பவர் மீட்டர், முடித்த வேலைக்கு ஒரு சீட்டு. இவ்வளவுதான் கேட்கிறேன்.

விதி வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போன மாசத்திலிருந்து என் கடையை விட்டு வெளியே போகிற எல்லா மோட்டாரிலும் டெர்மினல் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். கட்டிய தேதி, கம்பி நம்பர், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, சுமை இல்லாமல் ஓடும்போது எத்தனை ஆம்பியர், முன், பின். அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கைக்கு இது உதவும். இதை எழுதுகிற இந்நேரம் மேஜையில் சூலூரிலிருந்து வந்த 5 ஹெச்.பி. ஸ்டேட்டர் ஒன்று இருக்கிறது. காப்புக்கு வைக்கிற லெதராய்டு பேப்பர் மாற்றி, காயில் ஏற்றி, வார்னிஷ் ஊற்றியாகிவிட்டது. சீட்டில் "முன்: 4.1" என்று எழுதியிருக்கிறேன். "பின்" காலியாக இருக்கிறது. காலையில் காய்ந்தவுடன் ஓட்டிப் பார்க்கணும்.